எழுந்து நின்றவள்

ஜனவரி 9, புதன்

பனி கொட்டுகிறது. நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து கிளம்பவே அடம்பிடித்தது. வழி முழுக்கப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்தாட்டத்தைப் பற்றித்தான் பேச்சு.

“டார்லாம்மா, நீங்க யாரு பக்கம்? ஹார்லனா, மெர்ட்டனா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“நான் ரோட்டுப் பக்கம். நீ உக்காரு மொதல்ல” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

நல்ல பதில்தான். ஆனால் அது பதிலா?

ஜனவரி 11, வெள்ளி

ஆட்டத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது? ஹார்லன் சிவப்பு இல்லாத குளிர்ச்சட்டை என்னிடம் ஒன்றுகூட இல்லை. அலமாரியைத் திறந்தால் தக்காளிக் கடை மாதிரி இருக்கிறது. கடைசியில் என் வீட்டுக்காரர் வெர்லினுடைய சாம்பல் நிறக் கோட்டை எடுத்து வைத்தேன்.

“கல்யாணத்தையே மார்ச் மாசம் வேணாம்னவதானே நீ. டோர்னமென்ட் நேரமாம். பாதிரியார் கிட்டயே சொன்னியே” என்றார். அவருக்கு இன்றுவரை ஃபவுலுக்கும் கூடைக்கும் வித்தியாசம் தெரியாது. நிம்மதியான மனிதர்.

அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீடு உள்ளூர்க் கல்லூரியான ஹார்லனின் ரசிகர் வீடு. ஆண்கள் ஆட்டமோ பெண்கள் ஆட்டமோ, எல்லாவற்றுக்கும் போவோம். மகள் கென்ட்ரா பிறந்ததும் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே சிவப்புக் குல்லா போட்டுத்தான். எண்களைக்கூட ஆட்டக்காரிகளின் சட்டையைக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவளுக்குப் பன்னிரண்டுக்கு அப்புறம் இருபத்துமூன்றுதான் வரும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினாள்.

அந்தப் பெண் நாளை மறுநாள் எதிரணியான மெர்ட்டன் கல்லூரியின் நீலச் சட்டையில் எங்கள் அரங்கத்துக்குள் வருகிறாள். இரண்டு வருடம் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்கள். இந்த வருடம்தான் ஆடுகிறாள்.

ஜனவரி 13, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ஆட்டம் முடிய சில நொடிகள். ஹார்லன் மூன்று புள்ளி முன்னால். பந்து கென்ட்ராவிடம். இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து கூடையில் போட்டாள், இரண்டு புள்ளி. போடும்போதே ஒருத்தி இடித்துத் தள்ளினாள். அதற்காக ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடுவது, ஒரு புள்ளி. போட்டால் சமன்.

அவள் கோட்டில் போய் நின்றாள். தனியாக. பந்தை மூன்று தடவை தரையில் தட்டினாள் — நான் கற்றுக்கொடுத்தது.

அப்போதுதான் அறிவிப்பாளன், “கோட்டுல நிக்கிற பொண்ணோட அம்மா நம்ம ஊர்க்காரங்கதான்!” என்றான். பெரிய திரையில் என் முகம். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்து வளையத்தில் மோதி வெளியே வந்தது.

நான் எழுந்து நின்றேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. “ஆமா!” என்று கத்தினேன்.

யோசித்தா கத்தினேன்? இல்லையே. முப்பது வருஷமாக இந்த இருக்கையில் எதிரணி தவறவிட்டால் எழுந்திருக்கிற அதே உடம்பு எழுந்தது. அரங்கம் முழுக்கச் சிரிப்பு, ஆரவாரம். என்னவென்று நிமிர்ந்து பார்த்தால் — நான். சாம்பல் கோட்டில், கை தூக்கியபடி, வீடு உயரத்துக்கு.

கென்ட்ராவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடவுளே, நான் என்ன பண்ணிட்டேன்.

ஜனவரி 14, திங்கள்

பேருந்தில் ஏறும்போதே பிள்ளைகள் கை தட்டினார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

தம்பி ராய்ஸ் போன் செய்தான். சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. “அக்கா, ஊரு பூரா உன் வீடியோதான்! பெத்த பொண்ணு தோத்ததுக்கே குதிச்ச பாரு, அவதான்யா நெசமான ரசிகைங்கிறாங்க. அப்பா இருந்திருந்தா உன்னைத் தோள்ல தூக்கி வெச்சிருப்பாரு.”

“போனை வை ராய்ஸ்.”

“என்னக்கா இதுக்குப் போயி —”

வைத்துவிட்டேன்.

ஜனவரி 16, புதன்

கென்ட்ராவிடமிருந்து குறுஞ்செய்தி: “பரவாயில்லம்மா. பிராக்டிஸ் இருக்கு, அப்புறம் பேசறேன்.” பேசவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

சர்ச்சில் மனம் ஒட்டவில்லை. உடம்பு செய்தது, நான் செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அந்த உடம்பை வளர்த்தது யார்?

கென்ட்ராவின் பள்ளிக் கடைசி வருடம் நினைவுக்கு வருகிறது. ஹார்லன் பயிற்சியாளர் தன் அணிக்குக் கூப்பிடுவார் என்று அந்த இலையுதிர்காலம் முழுக்கப் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குளிக்கப் போனால்கூட, “அடிச்சா எடும்மா” என்பாள். அது அடிக்கவே இல்லை. மெர்ட்டன் பயிற்சியாளர்தான் அவ்வளவு தூரம் காரோட்டி வந்து, நான் வைத்த கோழி நூடுல்ஸைச் சாப்பிட்டு, “எங்களுக்கு உங்க பொண்ணு வேணும்” என்றார். அன்றைக்கு நான் போட்டிருந்தது சிவப்புக் குளிர்ச்சட்டை. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறமும் ஒரு ஆட்டம் விடாமல் ஹார்லனுக்குப் போனேனே. என் பெண்ணை வேண்டாமென்று ஒதுக்கியவர்களுக்கு. ஒரு கோபம்கூட வரவில்லையே எனக்கு. ஏன் வரல? இதை இவ்வளவு நாள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பிப்ரவரி 2, சனி

மெர்ட்டன் போனேன். வெர்லினுக்கு வேலை, தனியாகத்தான். வழியில் ஒரு கடையில் மெர்ட்டன் பெயர் போட்ட நீலச் சட்டை வாங்கிக் காரிலேயே மாற்றிக்கொண்டேன். ஏதோ ஒரு அணியை நன்றாகவே ஜெயித்தார்கள். கென்ட்ரா கூடை போட்ட ஒவ்வொரு தடவையும் எழுந்து கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஒரு அம்மாள் நாசூக்காக ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள்.

ஆட்டம் முடிந்து கென்ட்ரா தலை ஈரத்தோடு வந்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

“எதுக்கும்மா இந்த வேஷம்?”

“வேஷம் இல்லடி. உனக்காகத்தான் —”

“குளிரப் போகுது. வா, ஏதாவது சாப்பிடலாம்.”

பான்கேக் கடைக்குப் போனோம். தட்டில் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“நீ குதிச்சது ஒரு பக்கம் இருக்கட்டும். அது பழக்கம், எனக்கே தெரியும். அதுக்கு முன்னாடி நான் கூடை போட்டேனே, ரெண்டு பேரு நடுவுல பூந்து. அப்ப எழுந்தியா?”

பொய் சொல்லியிருக்கலாம். திரையில் அது வரவில்லை.

“இல்ல” என்றேன்.

“அதான்.”

“வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன் கென்ட்ரா. யாருக்காகப் பொத்துனேன்னு எனக்கே தெரியல.”

அவள் கண் கலங்கியது. அழவில்லை. “என் வாழ்க்கையிலயே நான் போட்ட பெஸ்ட் ஷாட்ம்மா அது” என்றாள்.

மன்னிச்சிடு என்றேன். ம் என்றாள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது ரோடு எது, வயல் எது என்று தெரியாத பனி.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஹார்லன் ஆட்டம் இருந்தது. போகவில்லை. போகாமல் இருப்பதும் ஒரு வேஷமோ?

பிப்ரவரி 12, செவ்வாய்

அவளாகவே கூப்பிட்டாள்! வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

வேறு ஏதேதோ பேசினாள். பரீட்சை, அறைத்தோழியின் குறட்டை. பிறகு சட்டென்று, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்காத” என்றாள்.

“சொல்லு.”

“ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் பஸ்ல ஏறி மொதல்ல ஹார்லன் ஸ்கோரத்தான் பாக்கறேன். இன்னிக்கு வரைக்கும். அவங்க தோத்தா அன்னிக்கு சாப்பிடவே தோணல. என்னை வேணாம்னவங்கம்மா அவங்க! எனக்கே அசிங்கமா இருக்கு. நீதான் இப்படிப் பண்ணிவெச்சிருக்க.”

“நான்தான்” என்றேன்.

பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று வெர்லினைத்தான் கேட்க வேண்டும்.

“இருபத்துநாலாம் தேதி அவங்க இங்க ஆட வராங்க. நீ வருவியா?”

“நான் வந்தா உனக்கு —”

“வா. ஆனா நீலம் போட்டுக்கிட்டு வராத. நல்லால்ல.”

“மறுபடியும் எழுந்துட்டேன்னா? சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்டி, எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல.”

“எழுந்தா எழுந்துக்க. ஆனா வா.”

உருளைக்கிழங்கு கரிந்துவிட்டது.

பிப்ரவரி 23, சனி

ஷூவை இரண்டு தடவை துடைத்து வைத்தேன். நாளைக்கு நான் ஆடப்போவது போல.

பிப்ரவரி 24, ஞாயிறு

வெர்லினும் வந்தார். சர்ச்சுக்குப் போட்ட பழுப்புக் கவுனோடு அப்படியே போனேன். மெர்ட்டன் பெற்றோர்கள் நடுவில் இடம். போன தடவை தள்ளி உட்கார்ந்த அம்மாள் இந்தத் தடவை பாப்கார்னை நீட்டினாள்.

கென்ட்ரா நிறையப் போட்டாள், நிறையத் தவறவிட்டாள். ஒருமுறை பந்துக்காகப் பாய்ந்து எங்கள் வரிசைக்கு முன்னால் வந்து விழுந்தாள். எழுந்துகொள்ளும்போது முழங்காலைத் தடவிவிட்டு ஓடினாள். அந்த முழங்காலிலிருந்து என் கண் அகலவில்லை, புள்ளிப் பலகைப் பக்கம்கூடப் போகவில்லை. நொண்டுகிறாளா? இல்லை. கொஞ்சம் நொண்டுகிறாள். இல்லை.

ஆட்டம் முடிந்து மணி அடித்தது. எல்லாரும் வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டார்கள். அவள் குனிந்து முழங்கால் பட்டையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

வெர்லின் என் தோளைத் தொட்டார். “என்ன டார்லா, உங்க ஆளுங்க ஜெயிச்சிட்டாங்களே.”

“யாரு?” என்றேன்.