துருசு திறந்திருந்தது

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பது உமக்குப் பிடிக்காது. நொச்சிக்கட்டிலிருந்து உம்முடைய ஆட்களைத் துரத்திய அன்று, அந்தக் குடியேற்ற அதிகாரி உங்கள் குளக்கட்டில் நின்றார். வீடுகளுக்கு நெருப்பு வைக்கச் சொன்னவரும் அவரே. இதற்குச் சாட்சி, அந்த ஊருக்கு லொறியில் கொண்டுவந்து இறக்கப்பட்ட முதல் குடியேற்றவாசிகளில் ஒருவர். சிங்களவர். இப்போது லண்டனில் ஒரு விடுதியில் சமையல் வேலை. நேற்றுப் பின்னேரம், செவன் கிங்ஸில் தன் வீட்டுக் குசினியில் இருந்து சொன்னார். பெயரையும் போடலாம் என்றார்.

திரும்பி ஸ்ட்ரெதம் வரும்போது நல்ல மழை. உம்முடைய கோட்டைத்தான் போட்டிருந்தேன். ரயில் பெட்டியின் வெக்கையில் அது காயத் தொடங்க, உம்முடைய கடை அதற்குள்ளிருந்து எழுந்து வந்தது: கருவாடு, கறிவேப்பிலை, மண்ணெண்ணெய் ஹீட்டர். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். நீர் கூட வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர் என்று எனக்குத் தெரியும். "மணத்தாலையே ஆளை எழுப்பலாம் எண்டால், அண்ணை, அவங்களுக்கு ஆமி என்னத்துக்கு?"

உம்மை நான் முதலில் கண்டது தென் லண்டனின் மிச்சம் பகுதியில், கடை திறந்த புதிதில். எங்கள் வாரப் பத்திரிகைக்கு விளம்பரம் கேட்டு வந்தேன். நீர் விளம்பரம் தரவில்லை, சண்டை தந்தீர். எங்கள் பத்திரிகை உம்முடைய ஊரை "எல்லைக் கிராமம்" என்று எழுதியிருந்ததாம். "ஆருக்கு எல்லை? எனக்கு அது நடு ஊர்," என்று கல்லாப்பெட்டியைத் தட்டினீர். அந்தச் சொல் அதன்பிறகு எங்கள் பக்கங்களில் வந்ததில்லை.

கடைப் பலகையில் "நொச்சிக்கட்டு ஸ்டோர்ஸ்" என்று பெரிதாக எழுதுவித்திருந்தீர். உம்முடைய மைத்துனர் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தார். "அத்தான், வெள்ளையள் ஒருத்தருக்கும் வாயிலை நுழையேல்லை. சிம்பிளா ஒரு பேர் வையுங்கோ." நீர் அரிசி மூட்டையிலிருந்து நிமிரவே இல்லை. "அங்கை அவங்கள் மாத்திப்போட்டாங்கள். இங்கை நானே மாத்தோணுமோ?"

நொச்சிக்கட்டில் நீர் ஏழையாக இருந்தவர் அல்ல. வயலும், ஊரின் ஒரே டிராக்டரும், நீதிமன்றத்தில் முடியாத காணி வழக்கும் உள்ளவர். எண்பதுகளின் நடுவில், மாரி பெய்து குளம் முட்டி நின்ற ஒரு நாள், ஒலிபெருக்கி கட்டிய ஜீப் வந்து, பொழுதுபடுமுன் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்றது. மற்றவர்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் திரட்ட, நீர் குளக்கட்டுக்கு ஓடினீர். வயலுக்குத் தண்ணீர் பாயும் மதகான துருசின் பலகையை உருவிக் காட்டுக்குள் எறிந்தீர். "நாங்கள் இல்லாத ஊரிலை குளம் நிறைஞ்சு கிடக்கக் கூடாது." அதுதான் உம்முடைய நியாயம்.

இதை நீர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. நிறைந்த குளத்தைத் திறந்துவிட்டவனிடம் உங்கள் பகுதியில் ஒருவரும் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள் என்றீர். என்னிடம் மட்டும் சொன்னீர், எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. நானும் எழுதவில்லை.

அந்த அதிகாரி ஓய்வுபெற்று லண்டனுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். நொச்சிக்கட்டுக்குத் தான் ஒருநாளும் போனதில்லை என்று எங்கள் பத்திரிகைக்கு எழுத்தில் மறுத்திருந்தவர். மத்திய லண்டனில் ஒரு மண்டபத்தில் அவருடைய உரை என்று அறிவித்தல் வந்தது. அமெரிக்காவின் தென்கிழக்கில் கிரீக், செமினோல் என்ற பூர்வகுடி மக்களின் நிலங்களில் குடியேற்றம் நடந்த விதத்தையும் இலங்கையின் உலர்வலயத்தில் நடந்த விதத்தையும் ஒப்பிட்டுப் பேசப்போவதாக அதில் இருந்தது.

நீர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அகராதியோடு ஸ்ட்ரெதம் நூலகத்தில் போய் இருந்தீர். பின்னேரங்களில் என் மேசைக்கு முன்னால் நின்று, அன்று வாசித்ததை வழக்குப் பேசுவதுபோலச் சொல்வீர். தன் சம்மதம் இல்லாமல் நிலத்தை எழுதிக் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று கிரீக் மக்களின் பெரிய சபை சட்டம் வைத்திருந்ததாம். அதை மீறிக் கையெழுத்து வைத்த தலைவரை அவர்களே தேடிப் போய்க் கொன்று, வீட்டையும் கொளுத்தினார்கள்.

"அவங்கள் மனிசர், அண்ணை."

"கொன்றும் நிலம் மிஞ்சேல்லையே," என்றேன்.

"எனக்கும் தெரியும். எண்டாலும் அவன் அந்தக் கையாலை சோறு தின்னேல்லைத்தானே."

வெள்ளைக் கொடியின் கீழ் பேச வந்த செமினோல் தலைவரைப் பிடித்துச் சிறையில் போட்ட இடம் வந்தபோது, நீர் புத்தகத்தை அடித்து மூட, நூலகப் பெண்மணி உம்மை வெளியே போகச் சொன்னாராம். அடுத்த நாளே திரும்பிப் போனீர். செமினோல்களில் ஒரு சிறு கூட்டம் சதுப்புக்குள் இறங்கி, கடைசிவரை போக மறுத்ததை வாசித்து முடித்துவிட்டுத்தான் வந்தீர். கிரீக் மக்கள் மேற்கே துரத்தப்பட்டபோது, தங்கள் ஊர்களின் சடங்கு நெருப்பைத் தணலாகக் காவிக்கொண்டு போனதையும், போன இடத்தில் பழைய ஊர்ப்பெயர்களையே வைத்ததையும் சொன்ன அன்று, உமக்குக் குரல் இறங்கிவிட்டது. "அவங்கள் நெருப்பைக் கொண்டு போனவங்கள். நான் தண்ணியை ஊத்திப்போட்டு வந்தனான்."

உரைக்குப் போகும் வழியில் உம்முடைய திட்டத்தைச் சொன்னீர். "ஆக்களைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லுவான். குளத்தைப் பற்றிக் கேட்டால் பொய் வராது. பெருகிற தண்ணியோடை மல்லுக்கட்டினவன் ஒருத்தனும் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டான். நானெண்டாலும் சொல்லுவன்."

அதிகாரி நன்றாகத்தான் பேசினார். சிலைடுகள் காட்டினார்: மரவீடுகள், மாட்டுவண்டிகள், புதிதாக உழுத நிலம். கிரீக் மக்களோடு ஒப்பந்தங்கள் இருந்தன என்றார். செமினோல்கள் பிடிவாதக்காரர் என்றார், பிள்ளைகளைக் குறை சொல்லும் தொனியில். பிறகு நம் பக்கம் வந்து, நொச்சிக்கட்டைச் சுற்றி இருந்தது ஆளில்லாக் காணி என்றார். பின்வரிசையில் உம்முடைய ஊர்க்காரர் சிலர் இருந்தார்கள். ஒருவர் செருமினார், அவ்வளவுதான்.

நீர் எழுந்து, நீர்ப்பாசனத்தில் ஆர்வமுள்ள ஒரு பெரிய மனிதரைப்போல, மிகப் பணிவான ஆங்கிலத்தில் கேட்டீர்: "நொச்சிக்கட்டுக் குளத்தின் துருசு அப்போது எந்த நிலையில் இருந்தது, ஐயா?"

அவருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "திறந்து கிடந்தது! பலகையையே யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்று, மண்மூட்டை அடுக்கி, நானே அடைத்தேன். இல்லையென்றால் விடிவதற்குள் குளம் வற்றியிருக்கும்."

நீர் உட்காரவில்லை. "அந்தப் பலகையை உருவினது நான்," என்றீர். "ஆளில்லாக் காணியில் இருந்த ஆள்."

கூட்டத் தலைவர் அவசரமாகத் தேநீருக்கு அழைத்தார். வெளியே நடைபாதையில் உம்முடைய ஊர்ப் பெரியவர் ஒருவர் உம்மை மறித்தார். "நீயோடா குளத்தைத் திறந்துவிட்டனீ?" நீர் தலையாட்டினீர். அவர் உம்முடைய காலடியில் துப்பிவிட்டுப் போனார். அதன்பிறகு உம்முடைய கடைப் படியை மிதித்ததில்லை. அந்தக் கேள்விக்கு நீர் கொடுத்த விலை அது. கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்துதான் கொடுத்தீர்.

மறுநாள் காலை என் அலுவலகத்தில் நின்றீர். "பலகை இல்லையெண்டது உருவின எனக்கும் அடைச்ச அவனுக்கும்தான் தெரியும். தன்ரை வாயாலை சொல்லிப்போட்டான். போடுங்கோ."

"இது மட்டும் காணாது," என்றேன். "அங்கை நின்றவர் சொல்லக் கேட்டதைச் சொன்னன் எண்டு நாளைக்கு மறுப்பார். நின்றதைக் கண்ட இன்னொருத்தர் வேணும்."

"அண்ணை, உங்களுக்கு ஆற்றிலை குளிக்கவும் இரண்டு சாட்சி வேணும்."

"அவருக்குத் தப்பிறதுக்கு ஓட்டை ஒன்று போதும்."

நீர் கதவை அடித்துச் சாத்திய சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அரைகுறையாக எழுதியிருந்தால், ஒரு மறுப்போடு அவர் இன்னும் வெள்ளையாக வெளியே வந்திருப்பார். எனக்கு அவர் காயப்படுவது போதாது. எழும்பக் கூடாது. இந்த வேலையில் நான் கற்ற பழிவாங்கல் இது ஒன்றுதான்: ஒரு மனிதன் செய்ததை, அவன் மறுக்க முடியாதபடி, அவன் வாசிக்கும் இடத்தில் எழுதுவது.

நீர் போனது போன மாரியில். கடையில் பால் பெட்டி தூக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகு உம்முடைய மனைவி இந்தக் கோட்டைக் கொண்டுவந்து தந்தார். "நீங்கள் வைச்சிருங்கோ, அண்ணை. கடைசிவரை உங்களோடைதான் அவருக்குக் கோவம்."

நேற்றைய மனிதரைக் கண்டுபிடித்த விதம் நீளமானது, உமக்கு அது வேண்டாம். அவர் தமிழ் பேசினார், கடைகளில் பழகிய தமிழ். தேநீர் ஊற்றித் தந்தார், தான் குடிக்கவில்லை. துருசைப் பற்றித்தான் முதலில் கேட்டேன், உம்முடைய வழியில்.

"பலகை இல்ல. நாங்க நாலஞ்சு பேர் இறங்கினது, மண்மூட்டை போட்டது. தண்ணி இவ்வளவு," என்று கழுத்தைத் தொட்டார்.

"அதிகாரியும் இறங்கினாரா?"

அவர் சிரித்துவிட்டார். "மாத்தையா இறங்குறதா? குளக்கட்டில நின்றது. சப்பாத்துக்கூட நனையல்ல."

அந்த வேலையைக்கூட அவர் இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன்.

"காலையில இருந்து எங்களுக்குச் சாப்பாடு தரல்ல," என்று அவரே தொடர்ந்தார். "ஒரு வீட்டு அடுப்பில சோறு இருந்தது, சூடு. நாங்க சாப்பிட்டது. சாப்பிட்டு முடிய, மாத்தையா வந்து அந்த வீட்டுக்கு நெருப்பு வைக்கச் சொன்னது. பிறகு மற்ற வீடு எல்லாத்துக்கும்."

எந்த வீடு என்று கேட்டேன்.

"டிராக்டர் நின்ற வீடு." என்னைப் பார்த்தார். "அந்த ஆள் லண்டன்லயா?"

மிச்சம் பகுதியில் கடை வைத்திருந்ததையும், செத்துப்போனதையும் சொன்னேன். நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் பெயரைப் போடச் சொன்னார். அவரை மன்னிப்பதும் விடுவதும் என் வேலை அல்ல. நீர் இருந்திருந்தால் சோற்றுக்கு என்ன கறி இருந்தது என்று கேட்டிருப்பீர் என்று நினைக்கிறேன்.

இனி நிலுவையில் உள்ளது. அதிகாரியின் உரைகள் நூலாகின்றன. அச்சுப்படியைப் பார்த்துவிட்டேன், "ஆளில்லாக் காணி" அப்படியே இருக்கிறது. இன்று காலை அவருடைய வீட்டுக் கதவில் நானே கேள்விகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். பதிலுக்கு வியாழன் மதியம் வரை அவகாசம். பதில் வருமா, வழக்கறிஞரின் கடிதம் வருமா, எதுவும் வராதா, தெரியாது. எது வந்தாலும் அதையும் சேர்த்து வெள்ளிக்கிழமை பத்திரிகை அச்சு. சனிக்கிழமை, அதே மண்டபத்தில் அவருடைய நூல் வெளியீடு. கேள்வி நேரம் உண்டு என்று அழைப்பிதழ் சொல்கிறது.

அன்று துப்பிய பெரியவருக்கும் தொலைபேசியில் சொன்னேன். "அவன் திறந்தது பிழைதான்," என்றார். "ஆனால் பூட்டுவிச்சவனை நான் ஒருக்கால் பாக்கோணும். எத்தினை மணிக்கு வரட்டும்?"

சனிக்கிழமையும் மழை என்கிறார்கள். நல்லது. கோட்டு நன்றாக நனையட்டும். முன்வரிசையில் இருப்பேன். எழும்பிப் போகிறவர்கள் போகட்டும்.