சாய்தளத்தில் போட்ட இன்னொரு கோட்டிங்

அன்பு மகனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் அங்கே கைகால் பத்திரமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன், அதற்குள் மூன்று முறை எழுந்து உலாத்திவிட்டு வந்தாயிற்று. "கால்ல வெந்நீரையா ஊத்திக்கிட்டீங்க, உட்கார்ந்து எழுதுங்க" என்கிறாள் உன் அம்மா. அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்தது. என் மனசுதான் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

நான் இப்போது பெயின்ட் அடிக்கும் கட்டடத்தில் கீழ்த்தளத்துக்கு ஒரு சாய்தளம் இறங்குகிறது, ஆட்கள் சாமானோடு போகும் வழி, மழை பட்டால் சறுக்கும். அதற்கு வழுக்காத பூச்சு போடச் சொன்னார்கள். முதல் கோட்டிங் ஈரமாக இருக்கும்போதே பருமணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைப் பெருக்கித் தள்ளிவிட்டு, மேலே மெல்லிசாக ஒரே ஒரு கோட்டிங், அவ்வளவுதான். ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் பார்க்கச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. உன் அப்பனைத்தான் உனக்குத் தெரியுமே, கதவுக்கு அடித்தாலும் அதில் முகம் பார்த்துத் தலை வாருகிற அளவுக்கு மினுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டப்பாவில் மிச்சமிருந்ததையும் தடிமனாக இழுத்துவிட்டேன். மணல் அதற்குள் மூழ்கிப்போகும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தூறலில் எங்கள் பிளம்பர் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கியவன் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. சூப்பர்வைசர் அவன் செருப்பைத் திருப்பிப் பார்த்து, "அடி தேஞ்சு கிடக்கு, விழாம என்ன செய்வான்" என்றார். நான் பிரஷ் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். இரண்டு நாள் முள்மேல் நின்றேன், மூன்றாம் நாள் போய் உண்மையைச் சொன்னேன். "விபத்து ரிப்போர்ட்ல செருப்புன்னு எழுதியாச்சு பெரியவரே, நீங்க ஏன் தலையைக் குடுக்கிறீங்க" என்றார். திருத்தி எழுதும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன், திருத்தினார். அன்றே வழியை அடைத்து, மினுக்கையெல்லாம் மெஷினால் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடி மணல் போட்டேன். அப்புறம் பிளம்பர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். "எவ்வளவு அழகா அடிச்சிருக்காருன்னு பார்த்துக்கிட்டேதாண்ணே இறங்குனேன்" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

நீ உயரத்தில் நின்று கம்பி கட்டுகிறவன். நீ ஏறுகிற படிக்கட்டுக்கும் நிற்கிற பலகைக்கும் பூச்சு போட்டவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாது. என்னை மாதிரி ஒருத்தனாக இருந்துவிட்டால் என்ன செய்வது, அதை நினைத்துத்தான் உலாத்துகிறேன். காலையில் ஏறுமுன் உள்ளங்கையால் தேய்த்துப் பார். உறுத்தினால் ஏறு. வழவழவென்று இருந்தால் எவன் அவசரப்படுத்தினாலும் ஏறாதே, மற்றவர்களையும் ஏறவிடாதே. சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பூட்ஸ் அடி தேய்ந்திருந்தால் மாற்றிவிடு.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். தொட்டுப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. அது வந்து சேரும்வரை இவள் என்னை உட்காரச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா