மலைக்குள் இருந்த கடல்

அப்பாவுக்கு, நகானோ மலையூரிலிருந்து சிகேயோ வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். அந்தக் காலத்தில் இந்த ஊர்க் கோட்டைப் பிரபுகூட நம் கடற்கரையிலிருந்து குதிரையில் வரும் உப்புக்காகக் காத்திருப்பாராம். அந்த உப்புப் பாதையில்தான் இப்போது சாலைக்காக மலையை வெட்டுகிறோம். போன வாரம் கொஞ்சம் மண் சரிந்தது. அதில் வெள்ளையாக ஏதோ தெரியவே குனிந்தேன். நம் கரையில் கிடப்பது போன்ற சிப்பிகள், கல்லாகிப்போய்க் கிடந்தன!

"மலையே விழுது, சிப்பி பொறுக்குறியா? ஓடி வாய்யா!" என்று உடன் வேலை செய்யும் மிகாமி என்னைப் பிடித்து இழுத்தார். நான் நின்ற இடத்தில் ஒரு பாறை வந்து உட்கார்ந்தது. கவலைப்படாதீர்கள், ஓடும்போது கணுக்கால் பிசகியதற்குச் சின்னக் கட்டுதான்.

மனிதர்கள் தோன்றும் முன்பு இந்த ஊரே கடலுக்கு அடியில் இருந்தது என்று அருங்காட்சியகத்தார் வந்து சொன்னார்கள். மிகாமி இதுவரை கடலையே பார்த்ததில்லை. சிப்பியைத் தடவியபடி, "கடல் எப்படிய்யா இருக்கும்? ராத்திரியும் சத்தம் போடுமா?" என்று கேட்டார். நம் வீட்டில் ராத்திரி கேட்கும் அலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், பாதியிலேயே கண்ணீர் வந்துவிட்டது.

"கேட்டது ஒரு கேள்வி, அதுக்கு அழறியே!" என்று சிரித்தார்.

காய்ந்த கடற்பாசி கொஞ்சம் அனுப்புங்கள். புத்தாண்டுக்கு மிகாமியையும் அழைத்து வருகிறேன். படகில் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுங்கள், எங்கள் இரண்டு பேருக்கும்.

வேலைக்குப் போகும் லாரி வந்துவிட்டது.

சிகேயோ