வண்டி ஓட்டியது நான்தான் என்றீர்கள்

அண்ணா,

இன்று காலை ஆயுள் சான்று கொடுக்கப் போவதற்காகப் பென்ஷன் கோப்பை எடுத்தேன். உறைக்குள்ளிருந்து உங்கள் பிரமாணப் பத்திரத்தின் நகல் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்க எனக்கு எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். சுவரைப் பிடித்து, ஒரு முழங்காலை மடக்கி எடுத்தவன், எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தையும் படித்தேன். கடைசியில் உங்கள் கையெழுத்து, ஓடுகிற வண்டியில் போட்டது போல ஆடிக்கொண்டிருந்தது.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது நான் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வராது போலிருக்கிறது.

வடக்கே அந்த மலைப்பாதையில், சரக்கு லாரியை நீங்கள் ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில். தூங்காமல் இரண்டாவது நாள். விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில் உங்கள் கண் ஒரு நொடி மூடியது. வண்டி சறுக்கிப் பாறையில் மோதிச் சாய்ந்து நின்றது. உங்களுக்குக் கீறல்கூட இல்லை. நான் தூக்கி எறியப்பட்டு, இரும்புப் பெட்டியின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தேன். கொஞ்ச நேரம் கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நீங்கள் என் காலைத் தேய்த்துக்கொண்டே அழுதீர்கள். நான் எழுந்து நின்றதும் கையெடுத்துக் கும்பிட்டீர்கள்.

"ரிப்போர்ட்டு வேண்டாங் கண்ணு. எனக்குப் புரமோஷன் வார நேரம். தூங்கிப்போட்டேன்னு தெரிஞ்சா அத்தோட போச்சு."

சரியென்று தலையாட்டினேன். மலையிலிருந்து கல் உருண்டு வண்டி அடிபட்டதாக எழுதினார்கள். எனக்கு அடிபட்டதாக எங்கேயும் எழுதவில்லை. பத்து நாள் நீங்களே உப்பு ஒத்தடம் கொடுத்தீர்கள். உங்களுக்குப் புரமோஷன் வந்தது. அதன்பின் அந்த விடியற்காலையைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

வலி மட்டும் என்னோடு துடியலூர் வரை வந்தது. ஓய்வு பெற்று ஒரு துணிக்கடையில் காவலுக்கு நின்றேன். அரை மணி நேரம் நின்றால் இடுப்பிலிருந்து இடது குதிகால் வரை நெருப்புக் கம்பி இழுப்பது போலிருக்கும். "ஆளு பாக்க நல்லாத்தானுங்க இருக்கறீங்க" என்பார் முதலாளி. கட்டுப் போட்ட காயமென்றால் காட்டலாம். இதை எப்படிக் காட்டுவது? வேலை போனது. ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு எழுதினேன். மெடிக்கல் போர்டு எக்ஸ்ரேயைப் பார்த்து, வயதினால் வந்த தேய்மானம், பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதி அனுப்பியது. அடிபட்டதற்குச் சான்று எங்கே என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் ஏது சான்று? அந்த வாரம் முழுவதும் உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். இல்லையென்று எழுதினால் பொய்.

ஆனாலும் உங்களிடம் சொல்லவில்லை. என் மனைவிதான் எனக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறாள். "ஏனுங்ணா, இவருக்குக் குனிஞ்சு செருப்புக்கூட மாட்ட முடியறதில்லீங்ணா. இப்படி எழுதியனுப்பிச்சுட்டாங்க" என்றாளாம். நடந்தது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே.

மறுநாள் காங்கேயத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நின்றீர்கள். காபியைக்கூடத் தொடவில்லை.

"ஏப்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"சொல்லி என்னாகப் போகுதுங்ணா. உங்க பேருதான் கெடும்."

"எம் பேரு கெடக்குது போ. ஊட்ல எல்லார்கிட்டயும் சொல்லிப்போட்டுத்தான் வாரேன்."

விபத்தே செய்யாத டிரைவர் என்று படையில் கொடுத்த பாராட்டுச் சான்றிதழ் உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவீர்கள். அதை நீங்களே கழற்றி வைத்துவிட்டு, மகளையும் மருமகனையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள். அன்றே கோயமுத்தூர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம் போய் இந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதிக் கொடுத்தீர்கள். "உங்க பென்ஷனுக்கே சிக்கல் வரலாமுங்க" என்று அவர் எச்சரித்தார். "வந்தா வரட்டுமுங்க" என்றீர்கள்.

மேல்முறையீட்டு விசாரணைக்கும் கூடவே வந்தீர்கள். அதிகாரி இந்தியில் கேட்க, நீங்களும் இந்தியில் பதில் சொன்னீர்கள். வண்டி ஓட்டியது நான்தான், தூங்கியது நான்தான், ரிப்போர்ட் வேண்டாமென்று இவனைக் கும்பிட்டதும் நான்தான் என்றீர்கள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அவர் குரலை உயர்த்தினார். "இவன் கேட்கவில்லை. அதனால் நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றீர்கள். அந்த அறையில் என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வண்டியைப் பழுதுபார்த்த பட்டறைப் பதிவைத் தேடி எடுத்தார்கள். நீங்கள் சொன்ன நாளும் மாதமும் சரியாக இருந்தன. சில மாதங்களில் கடிதம் வந்தது. பணியின்போது ஏற்பட்ட காயத்தின் தொடர்ச்சி என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். உங்கள் பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை. எனக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வலிக்கு ஒரு பிறந்த இடம் இருக்கிறது என்று முதல்முறையாக வேறொருவர் எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் என் மனைவியிடம், அவள் கேட்காமலேயே, "இன்னைக்கு வலி ரொம்ப இருக்குது" என்றேன். அதுவரை அப்படிச் சொன்னதில்லை அண்ணா. ஏதோ பொய் சொல்கிறவன் போல எனக்கே கூச்சமாக இருக்கும். இப்போது வலித்தால் வலிக்கிறது என்கிறேன், உட்கார வேண்டுமென்றால் உட்கார்ந்துகொள்கிறேன்.

உங்கள் காரியத்துக்கு வந்தபோது மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள். விசாரணை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களாம். கை கழுவிவிட்டு வந்து அவளிடம் சொன்னீர்களாம்:

"அம்மணி, அந்த வண்டிய இன்னைக்குத்தான் ஒழுங்கா நிறுத்துனேன்."

இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை சிரித்தது, அண்ணா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.