முதல் பக்கத்துப் படம்

12 ஜனவரி 2013, சனி

பாரிஸில், லா ஷப்பேல் பகுதியில் ஞானரட்ணம் என்பவரின் மளிகைக்கடை. பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே முதல் கூட்டம். வன்னியில் போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைப் படிக்கவைக்கிற அமைப்பு, அவர்தான் தலைவர். அதற்கு ஒரு இணையதளம் வேண்டுமாம். அலுவலகத்தில் முகப்பூச்சு கம்பெனிகளுக்குச் செய்கிற வேலையை இங்கே இலவசமாகச் செய்துதர ஒப்புக்கொண்டிருக்கிறேன். புண்ணியம். பெருமையும்தான், யாரிடம் மறைக்க?

"முதல் பக்கத்துல என்ன வரணும் சார்?"

"சார் வேண்டாம் பிள்ளை, அண்ணை எண்டு சொல்லுங்கோ. முதல்ல தலைவரின்ரை படம். பிறகு தலைவரின்ரை வாழ்த்துச்செய்தி. பிறகு செயலாளரின்ரை வாழ்த்துச்செய்தி."

"குழந்தைங்க?"

"அவை கீழை வரட்டும்."

செயலாளர் சாரதாதேவி அக்கா தேநீரை உறிஞ்சுவதுபோல் சிரிப்பை மறைத்தார். விமான நிலையத்தில் காலை வேலை முடித்து, கூசேன்வில்லில் இருக்கிற வீட்டுக்குப் போகாமல் நேரே வந்திருந்தார். வாழ்த்துச்செய்தி எதுவும் அவர் எழுதவில்லையாம்.

19 ஜனவரி

படங்கள் வந்தன. நாற்பத்தொன்று. முப்பத்தாறில் பெரியவர்கள் எதையாவது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றில் புத்தகப்பைக்குப் பின்னால் பிள்ளை முழுக்க மறைந்துவிட்டது. இரண்டு பாதங்கள் தெரிகின்றன. அதை வைத்துத்தான் இது குழந்தைகளுக்கான அமைப்பு என்று நம்ப வேண்டும்.

2 பிப்ரவரி, சனி

தலைவர் படம் கீழே இறங்கியது! காகிதத்தில் இரண்டு மாதிரிப் பக்கம் வரைந்து, கடைக்கு வந்தவர்களிடமே காட்டினேன். தலைவர் இருந்த பக்கத்தை ஒரு பெண் அரிசி விளம்பரம் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் வாதாடவில்லை.

அவர் இடத்துக்கு சாரதாதேவி அக்கா ஒரு படம் கொண்டுவந்தார். 2009, அகதிகள் முகாம். ஒன்பது பத்து வயதுச் சிறுமி, ஒட்ட வெட்டிய தலைமுடி, கையில் வெறும் தட்டு, கேமராவை நேராகப் பார்த்து அழுகிறாள்.

"இதைப் பாத்தால் கல்லும் கரையும்," என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து படத்தில் வேலை செய்தேன். பக்கத்துப் பிள்ளைகளை வெட்டினேன், கூடாரத்தை இருட்டாக்கினேன், கண்களுக்கு வெளிச்சம் ஏற்றினேன். முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து "சூப்பர்" என்றேன். சத்தமாகவே.

யார் இந்தக் குழந்தை என்று கூட்டத்தில் கேட்டேன்தான். "ஆருக்குத் தெரியும், முகாமிலை எடுத்தது" என்றார்கள். அதோடு விட்டுவிட்டு, நன்கொடைப் பொத்தான் என்ன நிறம் என்று நாற்பது நிமிடம் பேசினோம்.

23 பிப்ரவரி

திறப்பு விழா. மடிக்கணினியைச் சுற்றி சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். மூடி திறக்க முடியாதபடி இறுக்கமாக. கத்தரிக்கோல் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் மீன் வெட்டும் கத்தி வந்தது. கைதட்டல்.

சிறுமியின் முகம் திரையில் வந்ததும் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தார்கள். என் வேலையைப் பார்த்து இதுவரை யாரும் அழுததில்லை. முகப்பூச்சுக்கு யார் அழுவார்கள்?

14 மார்ச், வியாழன்

தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக ஒரு கடிதம். பிரெஞ்சில், நாலு வரி. "முதல் பக்கத்தில் அழுவது நான். இப்போது ஸ்தேனில் படிக்கிறேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சாம்பவி."

ஸ்தேன் இங்கே பக்கத்துப் புறநகர்தான். விளையாட்டா? யாராவது — இல்லை. விளையாட்டாக இருந்தால் தேவலை என்று நினைக்கிறேன்.

16 மார்ச், சனி

வந்தாள். பதினாலு வயது. தாய் கதவோரம் நின்றார். அந்தக் கண்களை எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அவள் என்னைப் பார்த்தபோது நான்தான் தலையைக் குனிந்தேன்.

"எல்லாரும் பசி எண்டு நினைக்கினம்," என்றாள். "நான் சாப்பிட்டு முடிச்சு, தட்டுக் கழுவ நிண்டனான். பேன் எண்டு காலமை என்ரை தலைமயிரை வெட்டிப்போட்டினம். அதுக்குத்தான் அழுதனான். அப்பா செத்த அண்டைக்குக்கூட நான் அழேல்லை."

வகுப்பில் ஒருவன் தளத்தைக் கண்டுபிடித்துவிட்டானாம். இப்போது எல்லோர் போனிலும் அந்தப் படம். மத்தியானச் சாப்பாட்டில், தங்கள் தட்டில் மிச்சம் இருக்கிற ரொட்டியை இவள் தட்டில் கொண்டுவந்து வைக்கிறார்கள். சிரித்துக்கொண்டே.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, அது இப்ப உன்ரை படம் மட்டுமில்லை. எல்லாப் பிள்ளையளின்ரையும் படம். அதைப் பாத்து எத்தினை பேர் எங்களோடை சேந்திருக்கினம் தெரியுமே?"

"அப்ப நீங்கள் அழுற படம் ஒண்டைப் போடுங்கோ."

கடையில் ஆள் நிற்கிறது என்று அண்ணன் எழுந்து போனார். ஆள் யாரும் இல்லை. திரும்பி வந்து, மே மாத நினைவுநாள் வரை இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார். சாரதாதேவி அக்கா மட்டும் "இது சரியில்லை அண்ணை" என்றார்.

நான்? "டெக்னிக்கலா என்ன செய்யலாம்னு பாக்கறேன்" என்றேன். டெக்னிக்கலா! ஒரு சொடுக்கு வேலை. அதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரல. அந்தப் பொண்ணு என்னையே பார்த்துட்டு நிக்கறா, நான் என்னவோ ராக்கெட் விடற மாதிரி —

17 மார்ச்

எடுத்துவிட்டேன்.

18 மார்ச்

அண்ணன் போன் செய்தார். "பக்கம் வெள்ளையாக் கிடக்கு. ஏதும் பழுதோ?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லண்ணா. நான்தான் எடுத்தேன்."

"ஆரைக் கேட்டு?"

"அவளைக் கேட்டு."

"அப்ப நீங்கள் இனி வரத் தேவையில்லை."

கடவுச்சொல்லை அனுப்பிவிட்டேன்.

26 மார்ச்

அந்த இடத்தில் தலைவர் படம் வந்துவிட்டது. சிரிக்கிறார்.

9 ஏப்ரல்

இணையத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பார்த்தேன். பதினான்கு தளங்கள். கனடா, நார்வே, எங்கோ ஒரு தியான வகுப்பு. எல்லாம் நம் தளத்திலிருந்து எடுத்தவை. கூடாரம் இருட்டாக இருக்கிறது, கண்கள் மின்னுகின்றன. நான் மெனக்கெடாமல் விட்டிருந்தால் இத்தனை பேர் எடுத்திருக்க மாட்டார்கள். எடுக்கச் சொல்லி எல்லோருக்கும் எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

சாம்பவிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். படத்தை அப்படிச் செய்தது நான்தான் என்பதையும். பதில் ஒரே சொல்: "தெரியும்."

11 மே, சனி

மெத்ரோவிலிருந்து இறங்கி அண்ணன் கடை இருக்கிற தெருவில் நடந்தால், பூட்டிய கடையின் சுவரில் அவள். ஆளுயரச் சுவரொட்டி. வேறு ஏதோ அமைப்பின் மே மாத நினைவுக் கூட்டம். நான் செய்த வேலைகளிலேயே மிகப் பெரிதாக அச்சானது இதுதான்.

என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். பசை காய்ந்திருந்தது, துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. காய்கறிப் பையோடு போன ஒருவர் நின்று கத்தினார்: "ஏன் கிழிக்கிறீர்? பிள்ளையளிலை கொஞ்சமும் இரக்கமில்லையே?" கூட்டம் சேர்ந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது? சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

அப்போது பின்னாலிருந்து, "நகத்தாலை வராது பிள்ளை. தள்ளுங்கோ."

ஞானரட்ணம் அண்ணன். ஒரு கையில் வாளி, ஆவி பறக்கிறது. மறு கையில் தகரக் கத்தி. அந்த போன் பேச்சுக்குப் பிறகு இன்றுதான் அவரைப் பார்க்கிறேன். வெந்நீரைச் சுவரில் ஊற்றிவிட்டுச் சுரண்டத் தொடங்கினார்.

"அண்ணை, நீங்களுமோ?" என்றார் காய்கறிப் பையோடு நின்றவர். "ஆற்ரை பிள்ளை இது?"

அண்ணன் திரும்பவில்லை. "ஸ்தேனிலை இருக்கிறாள். சாம்பவி எண்டு பேர்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மன்னிப்பு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "ஸ்தேனிலையும் ஒட்டியிருப்பாங்கள்" என்றார். "அவள் பள்ளிக்கூடம் போற பாதை. திங்கள் விடியமுன்னம் எடுக்கவேணும்."

நாளை காலை ஒன்பது மணிக்கு, கார் து நோர் ரயில் நிலையத்தில் சந்திக்கிறோம். கத்தி அவர் கொண்டுவருகிறார். வெந்நீர் ஸ்தேனில் யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.