சிவப்புக் கொடி டீமின் கடைசி ஆட்டம்

உன் மகள் நேற்று மட்டாஞ்சேரிக்கு வந்து ஒரு தகர பேட்ஜை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். "அப்பா அலமாரியில இருந்தது மாமா. இது உங்களுக்குத்தான்னு எப்பவும் சொல்லுவார்" என்றாள். இறக்கை முளைத்த ரயில் சக்கரம், கீழே ஒரு பந்து, சுற்றிலும் நமக்குப் படிக்கத் தெரியாத ருஷ்ய எழுத்து. எனக்கா? அந்தக் கடைசி ஆட்டத்தில் நான் பந்தையே தொடவில்லையேடா!

நம் டீமுக்கு ஊர் வைத்த பெயர் 'சிவப்புக் கொடி'. கொச்சி வெலிங்டன் தீவு கூட்ஸ் யார்டில் கழித்துப்போட்ட சிக்னல் கொடித் துணியில் பனியன் தைத்துப் போட்டால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? வேகன் கோக்கிறவர்களும் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன்களும் சேர்ந்த டீம். எழுபதுகள் முழுக்க ஆடினோம். ஒரு கோப்பையைக்கூடத் தூக்கவில்லை. சாயாக்கடைச் சேட்டன் தன் மலையாளத் தமிழில் சீண்டாமல் விடமாட்டார். "சுவப்புக் கொடி உடுத்து ஓடினா வண்டி எங்ஙனெடா முன்னே போகும்?" என்பார். எல்லோரும் சிரிப்போம், உன்னைத் தவிர. கேப்டன் ஆயிற்றே, ரோஷம்.

பிறகு மைதானத்தில் சரக்குக் கொட்டகை வரப்போகிறது என்று தெரிந்தது. நம் கடைசி ஆட்டம், துறைமுகத்துக்கு வந்திருந்த சோவியத் கப்பல்காரர்களோடு. "தோத்த டீம்னு பேரெடுத்துட்டு மூடக்கூடாதுடா. இந்த ஒண்ணு ஜெயிக்கணும்" என்று வாரம் முழுக்க என் பிராணனை வாங்கினாய். எனக்கோ அன்று டூட்டி; மாற்று ஆள் கிடைக்கவில்லை. வேறொருவன் என் இடத்தில் கோல்கீப்பராக நிற்கிறானே என்று வயிறு எரிந்தது. மைதானம் யார்டை ஒட்டியே இருந்ததால் கைதட்டல் வேறு காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு வேகனின் இரும்புக் கதவு கீல் விட்டுச் சாய்ந்து என் இடது காலை மண்ணோடு அழுத்தியது. டிரைவர் எஞ்சின் விசிலை விட்டு விட்டு அலறவிட்டார். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும், அது நம் யார்டின் வழக்கம். நீங்கள் ஆட்டத்தையே போட்டுவிட்டு வந்தீர்கள்! பதினொரு பேரும், புது கீப்பர் உட்பட. ரெஃப்ரி விசில் ஊதவில்லை. ஒன்றும் புரியாத ருஷ்யன் ஒருவன் ஆளில்லாத போஸ்டுக்குள் பந்தை உருட்டிவிட்டான்.

ஆனால் உன்னோடு சேர்ந்து கடப்பாரையால் அந்தக் கதவை நெம்பியவர்களில் ஒரு ருஷ்யரும் இருந்தார். வலியிலும் அவர் முகம் எனக்கு நினைவிருக்கிறது. கப்பலுக்கு வருமுன் அவரும் ரயில்வேக்காரர்தானாம், தன் ஊர் ரயில் தொழிலாளர் டீமில் ஆடியவராம். அந்த டீமையும் எப்போதோ கலைத்துவிட்டார்களாம். எஞ்சின் அலறியதும் தன் கால் தானாக ஓடியது என்று கப்பலோடு வந்த மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னாராம்.

அவரேதான் அந்தக் கோல் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் மன்றாடினார். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெஃப்ரி ஊதல. நாங்களாத்தான் வெளியே போனோம். கோல்னா கோல்." அந்த ஒரு கோலில் தோற்றோம். தன் பழைய ரயில் டீம் பேட்ஜைக் கழற்றி அவர் உன் பனியனில் குத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எடா மடையா, அவங்களே வேண்டாம்னாங்களே! வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். நர்ஸ் வந்து அதட்டினாள். நீ என் கட்டுப்போட்ட காலை ஒரு பார்வை பார்த்தாய்.

"கோல் போனாப் போகட்டும்டா. கீப்பர் இருக்கானே" என்றாய். சொல்லிவிட்டு, எனக்கென்று வாங்கிவந்த ஆரஞ்சை நீயே உரித்துத் தின்றாய்.

யார்டில் இன்று தண்டவாளத்தைப் புல் மூடிவிட்டது. நம் டீமைப் பற்றி யாராவது கேட்டால் அந்தத் தோல்வியைத்தான் முதலில் சொல்கிறேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு. ஜெயித்திருந்தால்கூட இவ்வளவு பேசியிருப்பேனா தெரியவில்லை.

போன மாதம் உன்னைத் தூக்கியபோது உன் மருமகன், "மாமா, உங்களுக்குக் கால் சரியில்ல. வேற யாராவது பிடிக்கட்டும்" என்றான். விடுவேனா? நீ நெம்பி எடுத்துக் கொடுத்த கால் இது. வீட்டு வாசலிலிருந்து சுடுகாடு வரை தோள் மாற்றவில்லை. கீப்பர் இருந்தான்டா.