கழுவக் கூடாத குழாய்

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் பெட்டி வந்த நாள் முதல் இந்த வீட்டில் நலமாக இருப்பது நீ அனுப்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றுதான். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மேற்கொண்டு எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன்.

முப்பது வருஷமாகக் கண்ணாடி ஊதுகிறவன் நான். ஆய்வுக்கூடங்களுக்கு நான் ஊதிக் கொடுத்த குழாய்களை வரிசையாகப் படுக்க வைத்தால் நிலாவுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். அப்பேர்ப்பட்டவனிடம் போனில் என்ன சொன்னாய்? மின்சாரம் பாய்ந்து ஒளிர்கிற வாயுவில் தூசியை மிதக்க விட்டு ஒரு தட்டுத் தட்டினால், ஒற்றை அலை கிளம்பி, கலையாமல் கரையாமல் கடைசி வரை போக வேண்டும், உன் அலையோ பாதி வழியில் படுத்துவிடுகிறது, மூணு வருஷம் வீணாப் போச்சுப்பா, படிப்பை விட்டுட்டு வந்துடறேன் என்று அழுதாய். அழுத கையோடு, நீங்க ஊதின குழாய்லதான் ஏதோ கோளாறு என்று ஒரு குத்து வேறு. எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில்லாமலே கண்ணாடி உருகியிருக்கும்.

சரி, அனுப்பு, பார்க்கிறேன் என்றேன், அனுப்பினாய். பெட்டியின் நாலு பக்கமும் ‘உள்ளே தூசி இருக்கிறது, கழுவக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதினாயே, யார் படிப்பதற்கு? தூசி என்ற சொல்லைக் கேட்டாலே துணியோடு கிளம்புகிற உன் அம்மாவா? நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மகராசி சோப்புப் போட்டு, மூன்று தண்ணீர் அலசி, ஒரு வாயை உள்ளங்கையால் பொத்தி மறு வாயில் ஊதிக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட கூச்சலில் பறவைகளெல்லாம் திசை மாறிப் பறந்தன. அவளோ அசரவில்லை. கத்தாதீங்க, படிச்ச புள்ள குழாயை இப்படியா வச்சிருப்பா, அது கெடக்கட்டும், இந்த ஒட்டுல ஏன் நுரை முட்டை முட்டையா வருது என்றாள். பார்த்தேன். பக்கக் குழாயை ஒட்டிய இடத்தில் மயிரிழை விரிசல். அது வழியாகக் காற்று நுழைந்திருக்கிறது, நெரிசலில் மாட்டிய கிழவன் மாதிரி உன் அலை நாலடி வைத்து மூச்சு வாங்கியிருக்கிறது. ஒட்டு என்னுடையது. என் முப்பது வருஷப் பெருமை அந்த நுரையோடு போயிற்று. இதை உன் பெரியப்பாவிடம் சொன்னால் உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

உருக்கி ஒட்டினேன், ஆற வைத்தேன், ஒரு நாள் முழுக்கப் பம்பில் போட்டுக் காற்றை உறிஞ்சினேன். நல்ல காலம், பெட்டி மூலையில் நீ வைத்திருந்த தூசிச் சீசா உன் அம்மா கண்ணில் படவில்லை. தூசியைத் தூவி, துளி வாயு விட்டு, மின்சாரம் பாய்ச்சி ஒளிர வைத்து, தட்டினேன். கிளம்பியது பார் அலை! குழாயை ஓடிக் கடந்து, கண்ணாடியை ஊடுருவி, சுவரைத் தாண்டி, எதிர்வீட்டுத் தையல்காரர் துணிகளை உலுக்கி, தபால்காரர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனது. அங்கே உன் அம்மா என்னைத் திட்டிய திட்டிலிருந்து கிளம்பிய இன்னோர் அலை எதிரே வந்தது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒரு கீறல் இல்லாமல், நானும் உன் பெரியப்பாவும் தெருவில் எதிர்ப்பட்டால் போவோமே, அப்படி முகம் பாராமல் தம் வழியே போய்விட்டன. என் அலை இப்போது கடலில் உன் பக்கம் வந்துகொண்டிருக்கும், சன்னலைத் திறந்து வை.

குழாயை நாளை அனுப்புகிறேன். வந்ததும் ஒட்டைச் சோப்பு நுரையால் சோதித்துவிட்டு அப்புறம் படிப்பை விடுவதைப் பற்றிப் பேசு. தலைக்கு எண்ணெய் வை. நீ நினைத்தது நடக்கட்டும், நூறு வயது இரு.

தெரு, தொப்பி, கடல் எல்லாம் புளுகு. குழாய்க்குள் நடந்த ஒரு சாண் மட்டும் நிஜம். எறும்பு ஊர்கிற மாதிரி மெதுவாக, ஒற்றை மேடாக, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குலையாமல் போயிற்று. முதலில் பார்த்தது உன் அம்மாதான். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை தட்டுங்க என்றாள்.

உன் அப்பா,
தெருப் பிள்ளைகளுக்குப் புளுகு மாமா